லட்சத்தீவுகள்: நூல்களும் வழக்காறும் சட்டமும்

அரபிக்கடலில், கேரளக் கரைக்கு மேற்கே சுமார் 220 முதல் 440 கிலோமீட்டர் வரையிலான தொலைவில் சிதறிக் கிடப்பவை லட்சத்தீவுகள். இவற்றின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரே ஆகும். மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 64,473. இவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேற்பட்டோர் பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற்றவர்கள். ஏறத்தாழ அனைவருமே இஸ்லாமியர்கள். நாட்டின் மிகச் சிறிய யூனியன் பிரதேசம் இதுவே.

இத்துணைச் சிறிய நிலப்பரப்பைப் பற்றி எழுதப்பட்டுள்ள நூல்கள் எண்ணிக்கையில் குறைவானவை. ஆயினும் அவை நிர்வாகத்தில் வகித்துவரும் இடம் பெரிது. தீவுகளின் சொத்துரிமையும் குடும்ப அமைப்பும் எழுதப்படாத வழக்காற்றின் அடிப்படையில் அமைந்தவை. அந்த வழக்காறு எது என்று அறிய விரும்பிய அதிகாரியும் நீதிபதியும் முதலில் நாடியது இந்நூல்களையே. எனவே ஒரு நூலில் பதிவானது, நாளடைவில் விதியாகவே மாறும் வாய்ப்பைப் பெற்றது. பதிவாகாதது கவனத்திலிருந்து நழுவியது. இந்நூல்களைப் பயிலும் மாணவரும், தீவுகளில் பணியாற்றச் செல்லும் அலுவலரும் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இதுவாகும்.

இரு ஆட்சி மரபுகள்

தீவுகளின் நிர்வாக வரலாறு இரண்டு கிளைகளாகப் பிரிந்து நடந்தது. கண்ணனூரை ஆண்ட அலி ராஜா மரபினரின் ஆட்சியில் இருந்த தீவுகளுள் அமினி, கட்மத், கிள்தான், சேத்லத், பித்ரா ஆகியவை 1787ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் ஆட்சிக்குள் வந்தன. 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர் அவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறி, தென் கன்னட மாவட்டத்துடன் இணைக்கப்பட்டன. தெற்கில் உள்ள கவரத்தி, அகத்தி, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகள் கண்ணனூர் அரச குடும்பத்திடமே நீடித்தன. செலுத்த வேண்டிய கப்பத் தொகை நிலுவையாயிற்று என்ற காரணத்தால் 1875ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகத்தையும் ஆங்கில அரசு மேற்கொண்டது. அவை மலபார் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் விடப்பட்டன.

இவ்விரு குழுக்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் யூனியன் பிரதேசமாக ஒன்றுபடும் வரை சென்னை மாகாணத்திலும், பின்னர் சென்னை ராஜ்யத்திலும் அடங்கியிருந்தன. இதனால் தீவுகள் பற்றிய பழைய அறிக்கைகளும் ஆணைகளும் சென்னை அரசின் ஆவணங்களிலேயே உருவாயின. அமினித் தீவில் அரசின் பிரதிநிதியாக இருந்தவர் மணியக்காரர் எனப்பட்டார். தென் தீவுகளில் அத்தகைய பொறுப்பை வகித்தவர் அமீன். பெயரில் காணும் இவ்வேறுபாடு, இரு வேறு மாவட்ட மரபுகளின் அடையாளமாகும். ஒரு தீவைப் பற்றி எழுதப்பட்டதை மற்றொரு தீவுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது என்பதற்கு இது முதற்சான்று.

வருவாய்க் கணக்கும் வரலாறும்

ஆங்கில ஆட்சிக் காலத்தில் தீவுகளைப் பற்றிய விரிவான முதல் பதிவுகளுள் ஒன்று, வில்லியம் ராபின்சன் 1848இல் அளித்த அறிக்கையாகும். அதற்கு முந்தைய ஆண்டில் வீசிய கடும் புயல் கல்பேனியையும் ஆந்த்ரோத்தையும் பெரிதும் அழித்திருந்தது. தென்னை மரங்கள் வீழ்ந்தமையால் மக்களின் வாழ்வாதாரமும் அரசின் வருவாயும் ஒருங்கே பாதிக்கப்பட்டன. இச்சூழ்நிலையில் தீவுகளின் நிலையை ஆராய்ந்து எழுதப்பட்ட அறிக்கை அது.

அக்காலத்தில் தீவுகளின் வருவாய் கயிற்றைச் சார்ந்திருந்தது. தீவு மக்கள் திரித்த தென்னங்கயிற்றை ஆட்சியாளர் மட்டுமே கொள்முதல் செய்யும் ஏகபோக முறை நிலவியது. அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட விகிதத்தில் அரிசி வழங்கப்பட்டது. கரையில் கயிற்றின் விலை உயர்ந்தாலும் அதன் பயன் கயிறு திரித்த பெண்களின் கைக்கு வந்து சேர்வது அரிதாயிற்று. எனவே நிர்வாகத்தின் கேள்விகள் கயிற்றின் அளவு, அரிசியின் விகிதம், மரங்களின் எண்ணிக்கை, நிலத்தின் உரிமை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. வருவாய்க்குத் தொடர்புடைய வழக்காறுகள் தெளிவாகப் பதிவாயின. மற்றவை ஓரிரு வரிகளில் முடிந்தன.

1924ஆம் ஆண்டில் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ஆர். எச். எல்லிஸ் அவர்களின் நூல் இம்மரபின் நிறைவு எனலாம். லட்சத்தீவுகளையும் மினிக்காயையும் பற்றிய சுருக்கமான வரலாறு என்ற பொருள்படும் தலைப்புடைய அந்நூல், ஆட்சி மாற்றங்கள், நில முறைகள், சமூகப் பிரிவுகள், பழக்க வழக்கங்கள் ஆகியவற்றை ஒரு சேரத் தருகின்றது. பின்னர் வந்த நூலாசிரியர் எவரும் எல்லிசைத் தொடாமல் எழுதவில்லை என்று கூறினால் அது மிகையாகாது.

நில முறையில் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது பண்டார நிலம் ஆகும். கண்ணனூர் அரச குடும்பத்தின் பண்டாரத்திற்கு, அதாவது கருவூலத்திற்கு, உரியதாகக் கருதப்பட்ட நிலம் இப்பெயர் பெற்றது. அதனைத் தீவு மக்கள் கவுல் எனப்படும் குத்தகை முறையில் பெற்றுத் தென்னை பயிரிட்டனர். அரச குடும்பத்தின் உரிமை அரசுக்கு மாறியபோது, பல தலைமுறைகளாக மரம் வைத்து வளர்த்த குடும்பங்களின் உரிமை யாது என்ற கேள்வி எழுந்தது. அண்மை ஆண்டுகளிலும் இக்கேள்வி முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அதற்கு விடை காண முற்படுவோர் பழைய அறிக்கைகளின் பக்கங்களையே புரட்ட வேண்டியிருக்கிறது. அவ்வறிக்கைகளை எழுதியவர்கள் வருவாய்த் துறையின் கண் கொண்டு பார்த்தவர்கள் என்பதைப் படிப்பவர் மறந்துவிடலாகாது.

வெள்ளிச் சொத்தும் திங்கட் சொத்தும்

தீவுகளின் சட்ட வழக்காற்றில் அறிஞர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது மருமக்கள் தாய முறையாகும். இங்குக் குழந்தைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். தறவாடு என்பது ஒரே தாய்வழியில் வந்தோரின் கூட்டுக் குடும்பம். அதன் நிர்வாகப் பொறுப்பு மூத்த ஆணாகிய காரணவரைச் சார்ந்தது. மரபு முறையில் கணவன் மனைவியின் இல்லத்திற்கு இரவில் சென்று, பகலில் தன் தாயின் தறவாட்டிற்குத் திரும்பி அங்கே உழைப்பான். திருமணம், மகர், மணவிலக்கு ஆகியவை இஸ்லாமிய நெறிப்படி நடைபெறும்.

இவ்விரு நெறிகளும் ஒன்றோடொன்று மோதாமல் நிலவுவதற்குத் தீவு மக்கள் கண்ட வழி, சொத்தை இரண்டாகப் பகுத்ததாகும். தறவாட்டிற்குரிய பொதுச் சொத்து வெள்ளியாழ்ச்சைச் சொத்து, அதாவது வெள்ளிக்கிழமைச் சொத்து, எனப்படுகிறது. இது தாய்வழியே இறங்கும். தனி மனிதர் தம் முயற்சியால் ஈட்டிய சொத்து திங்களாழ்ச்சைச் சொத்து, அதாவது திங்கட்கிழமைச் சொத்து, எனப்படுகிறது. இது இஸ்லாமிய வாரிசுரிமை விதிகளின்படி மனைவிக்கும் மக்களுக்கும் செல்லும். தீவில் செல்வத்தை நிலத்தின் பரப்பைக் கொண்டு மட்டும் கணக்கிடுவதில்லை. தென்னை மரங்களைக் கொண்டும் கணக்கிடுகின்றனர். ஆகவே ஒரே தோப்பில் நிற்கும் மரங்களுள் சில வெள்ளிக்கிழமைக்கும் சில திங்கட்கிழமைக்கும் உரியனவாக இருத்தல் கூடும்.

இவ்வமைப்பை முறையாக ஆராய்ந்த நூல்கள், நாடு விடுதலை பெற்ற பின்னரே வெளிவந்தன. லீலா தூபே அவர்கள் தாய்வழி முறையும் இஸ்லாமும் என்ற பொருளில் 1969இல் வெளியிட்ட நூல், கல்பேனித் தீவில் ஏ. ஆர். குட்டி சேகரித்த கள ஆய்வுச் செய்திகளை அடிப்படையாகக் கொண்டது. குட்டி அவர்கள் தீவுச் சமுதாயத்தின் திருமணத்தையும் உறவுமுறையையும் விளக்கி 1972இல் தனி நூல் எழுதினார். கே. பி. இட்டாமன் 1976இல் வெளியிட்ட நூல் அமினித் தீவின் சமூக அமைப்பையும் மாற்றத்தையும் ஆராய்கின்றது. இந்நூல்கள் கேட்ட கேள்வி வேறு. மரம் எத்தனை என்று வருவாய் அதிகாரி கேட்ட இடத்தில், மரம் யாருக்கு, ஏன் அவருக்கு என்று இவ்வறிஞர்கள் வினவினர்.

அதன் பயனாக ஒரு முக்கிய உண்மை வெளிப்பட்டது. வழக்காறு என்பது அசையாமல் நிற்கும் பொருளன்று. தந்தை தாம் ஈட்டிய சொத்தைத் தம் மக்களுக்கு அளிக்க விரும்புகிறார். அரசுப் பணியும் மாதச் சம்பளமும் பெருகப் பெருகத் திங்கட் சொத்தின் பங்கு வளர்கிறது. மறுபுறம், தறவாட்டுச் சொத்தில் தனக்குள்ள உரிமையே மணவிலக்கு நேர்ந்தாலும் தன்னைக் காக்கும் பிடிமானம் என்பதைப் பெண் அறிந்திருக்கிறாள். தறவாட்டைப் பிரித்துப் பங்கிடும்போது இப்பாதுகாப்பு எவ்வளவு எஞ்சும் என்பதே இன்றைய குடும்பங்களின் முன் உள்ள சிக்கல்.

சட்டம் வந்த வழி

தீவுகளுக்கு எழுத்து வடிவச் சட்டம் மெல்லவே வந்தது. மலபாருடன் இணைந்திருந்த தீவுகளுக்காக 1912ஆம் ஆண்டில் சென்னை அரசு ஓர் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அமீன், காரணவர்களின் துணையுடன் சிறு வழக்குகளைத் தீர்த்து வைக்க அச்சட்டம் வகை செய்தது. வழக்கறிஞரோ விரிவான நடைமுறை விதிகளோ தேவைப்படாத முறை அது. தீவின் வழக்காற்றை அமீனும் காரணவர்களும் நேரில் அறிந்திருந்தமையால், அதனைப் புத்தகத்தில் தேட வேண்டிய தேவை எழவில்லை.

யூனியன் பிரதேசம் அமைந்த பின் இந்நிலை மாறியது. அரசியல் சாசனத்தின் 240ஆவது விதி, இத்தீவுகளின் அமைதிக்கும் முன்னேற்றத்திற்கும் நல்லாட்சிக்கும் தேவையான ஒழுங்குமுறைகளை இயற்றும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. அதன்படி 1965ஆம் ஆண்டில் உரிமையியல் நீதிமன்றங்கள் பற்றியும், நில வருவாய் மற்றும் குத்தகை பற்றியும் ஒழுங்குமுறைகள் பிறப்பிக்கப்பட்டன. நில ஒழுங்குமுறை, பழங்குடியினரின் நிலம் வெளியார்க்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தியது. வெளியார் தீவுகளுக்குள் நுழைவதையும் தங்குவதையும் 1967ஆம் ஆண்டு விதிகள் நெறிப்படுத்தின. 1964இல் தலைமையிடம் கள்ளிக்கோட்டையிலிருந்து கவரத்திக்கு மாற்றப்பட்டிருந்தது. 1973இல் லட்சத்தீவு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

நீதிமன்றம் வந்ததும் வழக்காறு மெய்ப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. சட்டத்தின் வலிமை பெற்ற வழக்காறு சட்டமாகவே கருதப்படும் என்பது சாசனத்தின் 13ஆவது விதி ஏற்கும் கோட்பாடு. ஆனால் அவ்வழக்காறு உண்டு என்று வாதிடுபவர் அதனை நிறுவியாக வேண்டும். பொது வரலாறு போன்ற பொருள்களில் தக்க நூல்களை நீதிமன்றம் துணைக்கொள்ளலாம் என 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் இடமளித்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சட்டமும் அவ்வாறே இடமளிக்கிறது. கயிற்றுக் கணக்குக்காகத் தொடங்கிய எழுத்து, இவ்வாறு ஒரு குடும்பத்தின் வீட்டையும் தோப்பையும் தீர்மானிக்கும் வழக்கில் சான்றாக நிற்கும் நிலைக்கு வந்தது.

பிற்கால நூல்கள்

விடுதலைக்குப் பின் வந்த அரசு வெளியீடுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. தீவுகளின் நிர்வாக அதிகாரியாகப் பணியாற்றிய மூர்க்கோத் ராமுண்ணி எழுதிய நூலை மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு 1972இல் வெளியிட்டது. என். எஸ். மன்னாடியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்ட லட்சத்தீவு விவரச் சுவடி 1977இல் வெளிவந்தது. மற்றொரு முன்னாள் நிர்வாகியான ஓமேஷ் சைகல் எழுதிய நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1990இல் பொது வாசகர்களுக்காக வெளியிட்டது. வரலாறு, சமயம், சமூகம் ஆகிய மூன்றையும் இணைத்துத் தியோடர் கேப்ரியல் எழுதிய நூல் 1989இல் வந்தது.

சட்டத்தை மட்டுமே மையமாகக் கொண்ட ஆய்வுக்கு நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. லட்சத்தீவின் சட்டமும் வழக்காறும் குறித்து வி. விஜயகுமார் எழுதிய நூல் 2006இல் வெளியாயிற்று. பொதுச் சட்டமும் தீவின் மரபும் சந்திக்கும் இடத்தை ஆராயப் புகுவோருக்கு இந்நூல் தவிர்க்க இயலாத துணையாகும்.

பண்பாட்டுத் துறையில் லோத்திகா வரதராஜன் ஆற்றிய பணி தனிச்சிறப்பு வாய்ந்தது. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டும் தீவுப் படகுகளைப் பற்றி அவர் 1998இல் எழுதினார். கவரத்தித் தீவின் மாலுமி ஒருவர் பயன்படுத்திய ரஹ்மானி என்னும் கடற்பயண வழிகாட்டிச் சுவடியை மொழிபெயர்த்து 2004இல் வெளியிட்டார். விண்மீன்களின் உயரம், திசை, துறைமுகங்களுக்கு இடைப்பட்ட வழி ஆகியவற்றை அறிவிக்கும் இத்தகைய சுவடிகள், மலையாளத்தை அரபு எழுத்தில் எழுதும் முறையில் அமைந்தவை. தீவு மக்கள் தம் அறிவைத் தாமே எழுதி வைத்தவர்கள் என்பதற்கு இவை சான்று பகர்கின்றன. ஆந்த்ரோத்தில் இஸ்லாம் பரவிய வரலாற்றைக் கூறும் ஃபுத்தூஹாத்துல் ஜஸாயிர் என்னும் அரபு நூலும் இவ்வகையினதே. அது கூறும் காலக் கணக்கை ஆய்வாளர் அனைவரும் ஏற்பதில்லை. எனினும் தீவு மக்கள் தம் தோற்றத்தை எவ்வாறு நினைவிற்கொண்டுள்ளனர் என்பதை அறிய அதுவே முதன்மையான ஆதாரம். தீவின் மைந்தரான பி. ஐ. பூக்கோயா மலையாளத்தில் எழுதிய தீவு வரலாற்று நூலும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

பதிவில் உள்ள இடைவெளிகள்

மேற்கூறிய நூல்களை ஒருங்கே நோக்கும்போது சில குறைபாடுகள் புலனாகின்றன. முதலாவது, தீவுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு. கல்பேனியும் அமினியும் விரிவாக ஆராயப்பட்ட அளவுக்குச் சேத்லத்தும் பித்ராவும் ஆராயப்படவில்லை. மினிக்காய் முற்றிலும் வேறான பண்பாடு உடையது. அங்குப் பேசப்படும் மஹல் மொழி மாலத்தீவின் திவேஹி மொழியோடு உறவுடையது. மற்றத் தீவுகளிலோ ஜசரி எனப்படும் மலையாள வழக்கு நிலவுகிறது. மினிக்காயின் ஊர் அமைப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தலைமை உண்டு. ஆண்களில் பலர் கப்பற்பணியில் வெளிநாடு சென்றுவிடுவதால் ஊர்ப் பொறுப்பில் பெண்களின் பங்கு மிகுதி. கல்பேனியை வைத்து எழுதிய நூலைக் கொண்டு மினிக்காயின் வழக்கை அளக்க முற்படுவது பிழையாகும்.

இரண்டாவது, சமூகப் பிரிவுகளைப் பற்றியது. கோயா, மால்மி, மேலாச்சேரி என்ற பிரிவுகளுள் நிலமும் ஓடமும் முற்காலத்தில் பெரும்பாலும் கோயாக்களிடம் இருந்தன. மால்மிகள் கடலோடிகள், மேலாச்சேரிகள் தென்னை ஏறுவோர். வழக்காறு யாது என்று அதிகாரி வினவியபோது விடையளிக்கும் நிலையில் இருந்தவர் காரணவரே. மரம் ஏறியவரின் குரலும், கயிறு திரித்த பெண்ணின் குரலும் பழைய அறிக்கைகளில் நேரடியாகக் கேட்பதில்லை.

மூன்றாவது, மொழி. இந்நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. பல இன்று அச்சில் இல்லை. 2011ஆம் ஆண்டில் நூற்றுக்கு 91 பேருக்கு மேல் எழுத்தறிவு பெற்றிருந்த ஒரு மக்கள் சமுதாயம், தன்னைப் பற்றிய நூல்களைத் தன் மொழியில் படிக்க இயலாத நிலை விரும்பத்தக்கதன்று.

இனிச் செய்ய வேண்டியவை

2021ஆம் ஆண்டில் தீவுகளின் வளர்ச்சி ஆணையம், பஞ்சாயத்து முதலிய பொருள்கள் பற்றிய வரைவு ஒழுங்குமுறைகள் வெளியிடப்பட்டபோது, நிலவுரிமை பற்றித் தீவு மக்களிடையே பரவலான கவலையும் எதிர்ப்பும் எழுந்தன. 32 சதுர கிலோமீட்டரில் வாழும் மக்களுக்கு நிலம் பற்றிய எந்த விதியும் வீடு பற்றிய விதியே. அத்தகைய விதிகளை வரைவோர், தறவாட்டு நிலத்தில் ஒரு மனையை எடுத்தால் எத்தனை பேரின் உரிமை பாதிக்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். இழப்பீட்டை யாரிடம் அளிப்பது, காரணவரிடமா அல்லது அதில் வாழும் பெண்களிடமா என்ற எளிய கேள்விக்கும் 1924ஆம் ஆண்டு நூலில் முழுமையான விடை கிடைக்காது.

ஆதலின் வழக்காற்றை மீண்டும் பதிவு செய்யும் பணி அவசியமாகிறது. அது தீவு தீவாக நடைபெறுதல் நலம். 1994ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் வழியே அமைந்த பஞ்சாயத்து முறையும், தீவுகளின் கல்வி பெற்ற இளைஞர்களும் இப்பணிக்கு ஏற்ற துணைகள். அமீன் நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகளும், குடும்பங்களிடம் உள்ள பாகப்பிரிவினை ஆவணங்களும் படியெடுக்கப்பட வேண்டும். அச்சில் இல்லாத நூல்களை மலையாளத்திலும் மஹல் மொழியிலும் வெளியிடுதல் வேண்டும். தீவு மக்கள் அவற்றைப் படித்து, தம் தீவில் அவ்வழக்கம் உண்டா, மாறியுள்ளதா என்று சொல்லும் வாய்ப்பை அது அளிக்கும்.

அதுவரையில் தீவுகளுக்குச் செல்லும் அலுவலர் ஒவ்வொரு நூலையும் கையில் எடுக்கும்போது, அது எந்தத் தீவில், எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காக, யாரை வினவி எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று. அந்நான்கையும் குறித்துக்கொண்டு, தாம் பணியாற்றும் தீவின் மூத்த பெண்களையும் ஆண்களையும் அணுகி, நூலில் உள்ளதைச் சரிபார்த்த பின்னரே கோப்பில் கையெழுத்திடுதல் முறையாகும்.